அண்டர்எஸ்டிமேட்: பச்சை எடையும் காய்ஞ்ச எடையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு எடுத்துக்கப் போற வார்த்தை "அண்டர்எஸ்டிமேட்". போன மாசம் ஒருத்தர் மெயில்ல கேட்டிருந்தார். "எங்க ஆஃபீஸ்ல சில பேர் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்னு சொல்ல 'கேனாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்'னு எழுதுறாங்க. வேற சில பேர் அதே அர்த்தத்துல 'கேனாட் பி ஓவர்எஸ்டிமேட்டட்'னு எழுதுறாங்க. ரெண்டும் எப்படி ஒரே அர்த்தமா இருக்க முடியும்?" நல்ல கேள்வி. கடைசிப் பக்கம் அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி உங்களை மன்னவனூருக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்த வார்த்தை எனக்கு ஒழுங்கா புரிஞ்சது அங்கதான். கொஞ்சம் பணம் செலவாகித்தான் புரிஞ்சது. அந்தப் பணம் என்னோடது இல்லைங்கிறதுதான் சங்கடம்.

மன்னவனூர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: கொடைக்கானல் டவுன்ல இருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர், பூம்பாறை தாண்டிப் போகணும். மேல்மலைக் கிராமங்கள்ல ஒன்னு. என் காலேஜ் ரூம்மேட்டோட ஊர். முதல் தடவை போனப்போ, 35 கிலோமீட்டர்தானே, முக்கால் மணி நேரம்னு சொல்லிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுறோம்னு அவங்க வீட்டுக்கு போன் பண்ணிட்டேன். நான் வளர்ந்தது சமவெளி. எங்க பக்கம் 35 கிலோமீட்டர்னா அவ்வளவுதான் ஆகும். இங்க வளைவுக்கு வளைவு எதிர்ல பஸ் வருது, காய்கறி ஏத்துன வண்டி வருது, நடுவுல பனி இறங்கிடுச்சு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அம்மா (ரூம்மேட்டோட அம்மாவை நானும் அம்மான்னுதான் கூப்பிடுவேன்) சோத்தைச் சூடு பண்ணி, திரும்பச் சூடு பண்ணி வெச்சிருந்தாங்க.

இங்க என்ன தப்பு நடந்ததுன்னு பாருங்க. தூரம் சரி. வகுத்தல் கணக்கும் சரி. வேகம்னு நான் எடுத்துக்கிட்ட எண்தான் தப்பு. இதைத்தான் "ஐ அண்டர்எஸ்டிமேட்டட் தி டைம்"னு சொல்லணும். "ஐ மிஸ்கால்குலேட்டட்"னு சொன்னா கேக்குறவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க, கூட்டல் கழித்தல்ல எங்கயோ தடுமாறிட்டான், இல்லன்னா போட்ட திட்டம் சொதப்பிடுச்சுன்னு. மிஸ்கால்குலேட்ல தப்பு எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியாது. கூடவும் போயிருக்கலாம், குறையவும் போயிருக்கலாம். அண்டர்எஸ்டிமேட் திசையையும் சேர்த்துச் சொல்லிடுது: நிஜம் பெருசு, நான் நினைச்சது சின்னது. ஓவர்எஸ்டிமேட் அதுக்கு நேர் எதிர்.

இப்ப வார்த்தையோட வேர். "எஸ்டிமேட்", "எஸ்டீம்" ரெண்டும் ஒரே லத்தீன் வினைச்சொல்லுல இருந்து வந்தவை. ஐஸ்திமாரே. விலை போடுறது, மதிப்புப் போடுறதுன்னு அர்த்தம். எஸ்டிமேட் எண்ணுப் பக்கம் போயிடுச்சு, எஸ்டீம் மரியாதைப் பக்கம் போயிடுச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இல்லை, ஏன்னா தமிழ்ல அது பிரியவே இல்லை. "இந்த நிலத்தோட மதிப்பு என்ன?" "அவருக்கு ஊர்ல நல்ல மதிப்பு." ஒரே சொல்தான். "மதிக்கிறதே இல்லை"ன்னு மாமியார் சொல்றதும், சர்வேயர் "மதிப்பீடு" எழுதுறதும் ஒரே வேர்ல இருந்துதான்.

அதனாலதான் அண்டர்எஸ்டிமேட்ல ரெண்டு அர்த்தம் ஒன்னா உக்காந்திருக்கு. ஒன்னு, ஒரு அளவைக் குறைவா நினைக்கிறது: செலவு, நேரம், தூரம், எடை, ஆபத்து. இன்னொன்னு, ஒரு ஆளை இளக்காரமா நினைக்கிறது. "டோன்ட் அண்டர்எஸ்டிமேட் ஹர்"னா, அவளை லேசா எடை போடாதேன்னு அர்த்தம். நாம இங்கயும் "எடை போடுறது"ன்னுதான் சொல்றோம், கவனிச்சீங்களா? தராசு சாமானுக்கு மட்டும் இல்லாம ஆளுக்கும் வருது. திருக்குறள்ல வலியறிதல்னு 48-ஆவது அதிகாரமே இருக்கு. மயிலிறகு எவ்வளவு லேசு, ஆனா அளவு தெரியாம ஏத்திக்கிட்டே போனா வண்டி அச்சு முறிஞ்சுடும்னு வர்ற கருத்து அதுலதான். பத்தாங்கிளாஸ்ல மார்க்குக்காகப் படிச்சது. வேலைக்குப் போனதுக்கப்புறம்தான் அது டெட்லைனைப் பத்தினதுன்னு புரிஞ்சது.

அளவை உத்தேசமாச் சொல்ல தமிழ்ல எத்தனை சொல் இருக்குன்னு ஒரு நாள் பஸ்ல உக்காந்து எழுதிப் பார்த்தேன். குத்துமதிப்பு, தோராயம், உத்தேசம், ஏறக்குறைய, கிட்டத்தட்ட, சுமார். இதுல எனக்குப் பிடிச்சது "ஏறக்குறைய". ஏறவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்னு சொல்லுக்குள்ளேயே ரெண்டு பக்கத்துக்கும் இடம் விட்டிருக்காங்க. இஞ்சினியரிங் டிராயிங்ல கூட்டல் கழித்தல் குறி ரெண்டையும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா போடுவோமே, அதே வேலை. "சுமார்" பாரசீகத்துல எண்ணிக்கைன்னு அர்த்தம் தர்ற சொல். இங்க வந்து "கிட்டத்தட்ட"ன்னு ஆகி, அப்புறம் "படம் சுமார்"னு ஆயிடுச்சு. துல்லியமா எண்ணாததெல்லாம் தரத்துலயும் குறைச்சல்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க போல.

சரி, மன்னவனூர். அங்க மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தோட தென்மண்டல மையம் இருக்கு. தலைமையகம் ராஜஸ்தான்ல அவிகாநகர். மன்னவனூர் மையம் 1965-ல ஆரம்பிச்சது. பாரத் மெரினோ ஆடுகளும் இறைச்சி முயல்களும் வளர்க்குறாங்க. பாரத் மெரினோங்கிறது சோக்லா, நாலி மாதிரியான நம்ம நாட்டு ஆடுகளோட வெளிநாட்டு மெரினோ, ராம்புயே ரகங்களைக் கலந்து உருவாக்கின ரகம். ஓவர்எஸ்டிமேட்டுக்கு நான் குடுக்கிற உதாரணம் அந்த ஆடுதான். மேச்சேரி ஆடு, ராமநாதபுரம் பக்கத்து ஆடெல்லாம் பார்த்துப் பழகின கண்ணுக்கு, கம்பளியோட நிக்கிற மெரினோ ஒரு கன்னுக்குட்டி மாதிரி தெரியும். நம்ம ஊர் ஆட்டுக்கு உடம்புல கம்பளி கிடையாது, முடிதான். அதனால கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் உடம்புன்னே மனசு கணக்குப் போட்டுடுது. கம்பளி கத்தரிச்ச ஆடு ஒன்னு பக்கத்துல வந்து நின்னப்பதான், நான் பார்த்ததுல எவ்வளவு வெறும் மயிருன்னு தெரிஞ்சது. என் ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான்.

இப்ப பூண்டு விஷயம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மேல்மலைக் கிராமங்கள்ல நிறையப் பேருக்கு அதுதான் வருமானம். மலையில விளையிற பூண்டு பெரும்பாலும் கீழ பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். ரூம்மேட்டோட அப்பா நாப்பது சென்ட்ல பூண்டு போட்டிருந்தார். அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நாங்க போயிருந்தோம். நிலத்துல நிக்கிறப்பவே மொத்தமா ஒரு விலை சொல்லி ஒரு வியாபாரி கேட்டிருந்தார். அந்த விலை சரியா, குறைவான்னு வீட்ல பேச்சு. ரூம்மேட் என்னைப் பார்த்து, "டேய், நீதான் எல்லாத்துக்கும் ஷீட் போடுவியே, போட்டுச் சொல்லு"ன்னான்.

போட்டேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, உள்ள இருந்த பூண்டையெல்லாம் பிடுங்கி, மண்ணைத் தட்டி, தாளைக் கிள்ளிட்டு எடை போட்டேன். ரெண்டு கிலோ. நாப்பது சென்ட்டுன்னா 1,619 சதுர மீட்டர். பெருக்கினா மூணு டன்னுக்கு மேல வருது. சென்னையில நாங்க மலைப்பூண்டு வாங்குற விலையில பாதியை வெச்சுப் பெருக்கினாலும், வியாபாரி சொன்ன தொகை ரொம்பக் குறைச்சல்னு வந்தது. மொபைல்ல அந்த எண்ணைக் காட்டினேன். அப்பா பார்த்துட்டு, "தம்பி, அது பச்சை எடை"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். சரிப்பா, பத்து சதவீதம் கழிச்சுக்கலாம்னு சொல்லி ஷீட்ல ஒரு செல்லை மாத்தினேன். அவர் மேற்கொண்டு பேசலை. படிச்ச பசங்க சொல்றாங்கன்னு விட்டுட்டார்னு இப்பத் தோணுது. ரூம்மேட் வியாபாரிகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டான்.

நடந்தது என்னன்னா, பூண்டு காஞ்சு எடுத்தப்போ ஒன்றரை டன்னைத் தொடலை. காயக் காய எடை இறங்கிச்சு, பத்து சதவீதமெல்லாம் எந்த மூலைக்கு. அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு எடுத்து வைக்கணும், அதை நான் கணக்குலயே எடுக்கலை. நாப்பது சென்ட்டுங்கிறது பத்திரத்துல இருக்கிற நாப்பது சென்ட். மலையில நிலம் படிப்படியா இருக்கும். வரப்பு, கல் கட்டு, நடக்கிற வழி எல்லாம் போகத்தான் பூண்டு. எல்லாத்தையும் விட மோசமானது, நான் கயிறு கட்டின இடம். பாதையோரமா, பார்க்கச் செழிப்பா இருந்த இடமாப் பார்த்துக் கட்டியிருக்கேன். சாம்பிள் எப்படி எடுக்கணும்னு செமஸ்டர் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவன் நான்.

காய வெச்சிருந்த நாள்ல சந்தை விலையும் கொஞ்சம் இறங்கிடுச்சு, அது என் தப்பு கிடையாது. ஆனாலும் கடைசியில கைக்கு வந்தது, வியாபாரி முதல்ல சொன்னதை விட முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல கம்மி. அந்தப் பணத்தை நம்பித்தான் தங்கச்சியோட காலேஜ் ஹாஸ்டல் கட்டணம் இருந்தது. ஒரு மாசம் தவணை தள்ளிப் போச்சு. நான் பணம் அனுப்பினேன். அடுத்த நாளே அது திரும்ப என் கணக்குக்கு வந்துடுச்சு. அதைப் பத்தி அப்பா இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

வார்த்தைக்கு வருவோம். இங்க நான் பண்ணினது ஓவர்எஸ்டிமேட்டா, அண்டர்எஸ்டிமேட்டா? விளைச்சலை ஓவர்எஸ்டிமேட் பண்ணினேன். காய்ச்சல் கழிவை அண்டர்எஸ்டிமேட் பண்ணினேன். ஒரே தப்புதான், எதைச் செயப்படுபொருளா வைக்கிறோம்ங்கிறதைப் பொறுத்து வார்த்தை மாறுது. அதனாலதான் இந்த வினைச்சொல் செயப்படுபொருள் இல்லாம நிக்காது. "ஐ அண்டர்எஸ்டிமேட்டட்"னு சொல்லி நிறுத்தினா, "வாட்?"னு கேப்பாங்க. எதைன்னு சொல்லணும். எவ்வளவுன்னும் சொல்லலாம், அதுக்கு "பை" போடணும்: "வீ அண்டர்எஸ்டிமேட்டட் தி லாஸ் பை தர்ட்டி பர்சென்ட்." "ஹவ் மச்", "ஹவ் லாங்", "ஹவ் ஹார்ட்"னு ஒரு வாக்கியத்தையே பின்னாடி சேர்க்கலாம். அழுத்திச் சொல்ல "கிராஸ்லி", "வாஸ்ட்லி", "சீரியஸ்லி" சேர்த்துக்குவாங்க. "வெரி அண்டர்எஸ்டிமேட்டட்"னு நம்ம ஊர்ல நிறையக் கேக்குறேன். அந்த இடத்துல பெரும்பாலும் அவங்க சொல்ல வர்றது "அண்டர்ரேட்டட்".

அது வேற சொல். அண்டர்ரேட்டட்னா தகுதிக்குத் தகுந்த பேர் கிடைக்கலைன்னு அர்த்தம். படம், பாட்டு, பௌலர் இதுக்கெல்லாம் அதுதான். "அண்டர்ஸ்டேட்" இன்னும் வேற. அங்க உண்மையான அளவு உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சே குறைச்சுச் சொல்றீங்க. ஜி.எஸ்.டி. கணக்குல விற்பனையைக் குறைச்சுக் காட்டினா அது அண்டர்ஸ்டேட். அண்டர்எஸ்டிமேட்னு சொல்லி ஆடிட்டர்கிட்ட தப்பிக்க முடியாது.

நாலாவது ஒன்னு இருக்கு, "அண்டர்வேல்யூ". அதை எனக்குப் புரிய வெச்சது அம்மா. என் ஷீட்ல செலவுப் பக்கம் விதை, உரம், மருந்து, ஆள் கூலி எல்லாம் வரிசையா இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "எனக்குக் கூலி எழுதலையா தம்பி?"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. களை எடுக்கிறதுல இருந்து, காஞ்ச பூண்டைத் தாள் கிள்ளி, வேர் சீவி, பெருசு சின்னது பிரிச்சு மூட்டை போடுற வரைக்கும் அவங்க கைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு டி.வி. பார்த்துக்கிட்டே அந்த வேலை ஓடும். ஆள் வெச்சா அது எத்தனை நாள் கூலின்னு எனக்குக் கேக்கத் தோணலை. அவங்க வேலை செய்றது எனக்குத் தெரியும். எத்தனை மணி நேரம்னும் ஓரளவு தெரியும். அதனால அது அண்டர்எஸ்டிமேட் ஆகாது. அளவு தெரிஞ்சும் விலை பூஜ்யம்னு போட்டேன். அதுதான் அண்டர்வேல்யூ.

இந்த ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க பழனி மலையே நல்ல இடம். மன்னவனூர்ல ஏரி பக்கம் டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிற பச்சைப் புல்வெளியைப் பார்த்திருப்பீங்க. மேல்மலை முழுக்க ஒரு காலத்துல சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருந்தது. வெள்ளைக்காரங்க காலத்து வனக் கணக்குல மரம் இல்லாத புல்வெளிக்கு மதிப்பே கிடையாது, சும்மா கிடக்கிற நிலம். அதனால அங்க வாட்டில், பைன், யூகலிப்டஸ் வெச்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் அது தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வாட்டில் மரத்தோட பட்டை, தோல் பதனிடத் தேவைப்பட்டது. 1973-க்கும் 2014-க்கும் நடுவுல எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து 2018-ல ஒரு ஆய்வு வந்தது. பழனி மலையில புல்வெளி 66 சதவீதம் குறைஞ்சிருக்கு, சோலைக்காடு 31 சதவீதம் குறைஞ்சிருக்கு. நட்டு வெச்ச இடத்தோட வாட்டில் நிக்கலை. அதோட விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும், தீ பட்டா கொத்தாக் கிளம்பும். புல்வெளியை அவங்க அண்டர்வேல்யூ பண்ணினாங்க. வாட்டில் எவ்வளவு தூரம் பரவும்ங்கிறதை அண்டர்எஸ்டிமேட் பண்ணினாங்க. புல்வெளி ஸ்பாஞ்ச் மாதிரி மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சு மெதுவா ஓடைக்கு விடும்ங்கிறது யாரோட ஷீட்லயும் அப்ப இல்லை.

இப்ப மெயில் கேள்வி.

முக்கியத்துவத்துக்கு நூத்துக்கு மார்க் போடுறோம்னு வெச்சுக்குங்க. தண்ணியோட முக்கியத்துவம் "கேனாட் பி ஓவர்எஸ்டிமேட்டட்". அதாவது நீங்க எவ்வளவு பெரிய மார்க் போட்டாலும் அது அதிகம் ஆகாது. தொண்ணூறு போடுங்க, பத்தாது. நூறு போடுங்க, அதுவும் ஜாஸ்தி இல்லை. அப்ப நிஜ மதிப்பு உச்சியில இருக்கு. ரொம்ப முக்கியம்னு சொல்ல இதுதான் கணக்குப்படி சரி.

இப்ப "கேனாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்"னு போட்டுப் பாருங்க. எவ்வளவு சின்ன மார்க் போட்டாலும் அது குறைவு ஆகாது. பத்து போடுங்க, குறைவு இல்லை. பூஜ்யம் போடுங்க, அப்பவும் குறைவு இல்லை. அப்ப நிஜ மதிப்பு பூஜ்யம்! முக்கியம்னு சொல்ல வந்தவர், ஒரு பைசாவுக்குப் பெறாதுன்னு எழுதிட்டார். ஆனா இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிறவங்களே, பெரிய பத்திரிகைகள்லயே, இதை அடிக்கடி எழுதுறாங்க. படிக்கிறவங்களும் சரியாவே புரிஞ்சுக்குறாங்க. காரணம், "கேனாட்"டை "முடியாது"ன்னு எடுக்காம "கூடாது"ன்னு எடுத்துக்குறாங்க. குறைச்சு மதிப்பிடக் கூடாதுன்னு.

இதுல நமக்கு இன்னொரு சிக்கல். தமிழ்ல "அவரைக் குறைத்து மதிப்பிட முடியாது"ன்னு எழுதினா யாருக்கும் உறுத்தாது. நம்ம "முடியாது" ரெண்டு வேலையும் பார்க்கும். "இந்தப் பெட்டியைத் தூக்க முடியாது"ன்னா சக்தி இல்லை. "அப்படியெல்லாம் பேச முடியாது"ன்னா அனுமதி இல்லை. அதனால தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுற நமக்கு, "கேனாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்" இயல்பாவே கையில வந்துடும். நான் சொல்ற வழி ரொம்பச் சிம்பிள். "அண்டர்எஸ்டிமேட்" எழுதுறீங்கன்னா முன்னாடி "ஷுட் நாட்" இல்லன்னா "மஸ்ட் நாட்" போடுங்க. "கேனாட்" போட ஆசையா இருந்தா "ஓவர்எஸ்டிமேட்" எழுதுங்க. ரெண்டுமே குழப்பமா இருந்தா "வெரி இம்பார்ட்டன்ட்"னு எழுதிட்டு டீ குடிக்கப் போங்க.

குழப்பம் நமக்கு மட்டும் இல்லைங்கிறதுக்கு ஒரு ஆறுதல்: 2000-ஆம் வருஷம் நவம்பர்ல தேர்தலுக்கு முந்தின நாள் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆர்கன்ஸாவுல பேசுறப்போ, எதிராளிங்க தன்னை "மிஸ்அண்டர்எஸ்டிமேட்" பண்ணிட்டாங்கன்னு சொன்னார். அது வழக்கத்துல இருக்கிற சொல் இல்லை. ஆனா அதுக்கு அர்த்தம் சொல்லச் சொன்னா சொல்லிடலாம், தப்பாவே குறைச்சு மதிப்பிட்டுட்டாங்கன்னு. ஆள் ஜெயிச்சும்புட்டார்.

உச்சரிப்பு ஒரு வரி. வினைச்சொல்லா வர்றப்போ கடைசி "மேட்". பெயர்ச்சொல்லா வர்றப்போ கடைசி "மிட்" மாதிரி சுருங்கிடும். "ஐ எஸ்டிமேட்" ஆனா "ஏன் எஸ்டிமிட்". நம்ம ஊர்ல கொத்தனார்கிட்ட "எஸ்டிமேட் போட்டுக் குடுங்க"ன்னுதான் சொல்லணும், அங்க போய் "எஸ்டிமிட்"னு சொன்னா வீடு கட்டி முடியாது.

எங்க தொழில்ல இந்த வார்த்தை எப்படிப் புழங்குதுன்னு சொல்லாம விட முடியாது. கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல "பிளானிங் ஃபாலஸி"ன்னு பேர் வெச்சாங்க. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா, மனுஷன் தடங்கலே இல்லாத நாளைக் கற்பனை பண்ணித்தான் பதில் சொல்றான். சிட்னி ஆப்பரா ஹவுஸுக்கு முதல்ல போட்ட எஸ்டிமேட் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், முடிஞ்சப்போ 10 கோடியே 20 லட்சம். 1963-ல முடியும்னு சொன்னது 1973-ல திறந்தாங்க. இணைய முகவரிக்கு ஐபிவி4-ல 32 பிட் ஒதுக்கினப்போ 429 கோடி முகவரி யாருக்குய்யா வேணும்னு இருந்தது. 2011 பிப்ரவரியில உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துடுச்சு. 2014-ல ஒரு கொரியப் பாட்டோட பார்வை எண்ணிக்கை 214 கோடியைத் தாண்டப் போகுதுன்னு யூடியூப் தன் கவுன்ட்டரையே மாத்த வேண்டி வந்தது.

ஆனா ஸ்டேட்டஸ் மெயில்ல நாம எப்படி எழுதுவோம்? "தி எஃபர்ட் வாஸ் அண்டர்எஸ்டிமேட்டட்." செயப்பாட்டு வினை. யார் பண்ணினாங்கன்னு இல்லை. பூண்டு விஷயத்துல எனக்கும் அப்படி எழுதிட்டுப் போகத்தான் ஆசை. "கழிவு குறைவாக மதிப்பிடப்பட்டது." எவ்வளவு சௌகரியமா இருக்கு பாருங்க.

கொடைக்கானல் சம்பந்தமா இன்னும் ஒன்னு. கோடை சீசன்ல மலைக்கு எத்தனை வண்டி வருது, எத்தனை தாங்கும்னு ரொம்ப நாளா எல்லாரும் குத்துமதிப்பாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம்னு உத்தரவு போட்டது. நீலகிரிக்கு சீசன்ல ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 வண்டி வருதுன்னு அந்த வழக்குல கணக்கு குடுத்திருந்தாங்க. மே 7-ல இருந்து அமலுக்கு வந்தப்போ இத்தனைதான்னு உச்சவரம்பு கிடையாது. முதல்ல எண்ணிப் பார்ப்போம்னுதான். அடுத்த வருஷம் 2025 மார்ச்சுல, ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு வரம்பு போட்டாங்க. கடைக்காரங்க பலருக்குக் கோபம், அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. எனக்கு இதுல பிடிச்சது முதல் வருஷம்தான். பதில் தெரியாதப்போ ஒரு எண்ணைச் சொல்லிடாம, ஒரு சீசன் முழுக்க எண்ணினாங்க.

இந்தப் போகம் ரூம்மேட் போன் பண்ணினான். இந்தத் தடவை பத்து இடத்துல கயிறு கட்டியிருக்கான், மேல் படி, நடுப் படி, கீழ்ப் படின்னு. பிடுங்கினதைக் கட்டித் தொங்க விட்டு, காஞ்சப்புறம் எடை போட்டிருக்கான். வரப்பைக் கழிச்சாச்சு, விதைப்பூண்டைக் கழிச்சாச்சு, அம்மாவுக்குக் கூலி எழுதியாச்சு. அது மட்டும் அம்மா சொன்ன தொகை, பேரம் கிடையாதாம். ஷீட்ல வந்தது 1,380 கிலோ. அப்பாகிட்ட கேட்டதுக்கு, வரப்புல நின்னு ஒரு தடவை பார்த்துட்டு, "ஆயிரத்து இருநூறு, ஏறக்குறைய"ன்னாராம். அறுவடைக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. எடை போட்டதும் அடுத்த எபிசோடு ஆரம்பத்துல சொல்றேன். அதுல எடுத்துக்கப் போற வார்த்தை "அப்ராக்ஸிமேட்லி".